தோளில் வந்த கூரை

யாருடைய வீட்டுக்குள் நுழைந்தாலும் அவள் முதலில் பார்ப்பது மனிதர்களின் முகத்தை அல்ல, சுவரின் மூலையை. மூலை கொஞ்சம் விலகியிருந்தால் போதும், கொடுத்த தண்ணீர் தொண்டைக்குள் இறங்காது. சித்தாளாக வேலைக்குப் போய், பூசுகிற கரணையைப் பிடித்து, கொத்தனாராகவே ஆகிவிட்டவள். மூலையைச் சரிபார்க்கும் 'ட' வடிவ இரும்பு மூலமட்டம் எப்போதும் அவள் கையில் இருக்கும். அதனால் தெருவே அவளை மூலமட்டம் என்றுதான் கூப்பிட்டது. அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

இப்பேர்ப்பட்டவள் பிறந்து வளர்ந்த வீடோ, ஊரிலேயே கோணலான வீடு. பழைய கூரை வீடு. முன்பக்கத்து மூலை ஒன்று மட்டும் சொல் பேச்சுக் கேட்காத பிள்ளை மாதிரி வெளியே துருத்திக்கொண்டிருக்கும். தோழிகள் வந்தால் சுருட்டிய பாயை அந்த மூலையில் சாய்த்து மறைத்துவிடுவாள். வளர்ந்த பிறகும் அந்த வெட்கம் போகவில்லை.

அந்த வீட்டின் மேல்தான் இப்போது புதுச் சாலை வருகிறது. திங்கட்கிழமை இடிக்கிற இயந்திரம் வந்துவிடும். பின்தெருவில் குடும்பத்துக்கு ஒரு காலி மனை இருந்தது. அங்கே தகரக் கூரை போட்டு ஒரு வீடு கட்டிவிட்டால் ஆயிற்று என்றான் அண்ணன். லாரி ஓட்டுகிறவன், எதையும் ஏற்றி இறக்கினால் வேலை முடிந்தது என்று நினைப்பவன்.

"தகரத்துக்கு அடியில என்னை வேகவைக்கப் பாக்குறியா?" என்றாள் அம்மா. "உங்கப்பா அவர் கையால வேஞ்ச கூரைடா இது."

அம்மா சொன்னது பாதி உண்மை. மேல் அடுக்குதான் அப்பா வேய்ந்தது. அதற்குக் கீழே தாத்தா வேய்ந்த அடுக்கு, அதற்கும் கீழே அவருடைய அப்பா வேய்ந்தது. பழையதைப் பிரிக்காமல் அதன் மேலேயே புது வைக்கோலை வைத்துக் கட்டுவதுதான் அந்த வீட்டு வழக்கம். அதனால் கூரை மெத்தைக்கு மேல் மெத்தை போட்டதுபோல் கனத்திருந்தது. அடி அடுக்கு கன்னங்கரேல் என்று இருக்கும். புகைபோக்கி இல்லாத காலத்தில் வீட்டு நடுவிலேயே அடுப்பு எரிந்த புகை அது. அந்தப் புகை ஏறியதால்தான் பூச்சி அரிக்காமல் இத்தனை தலைமுறை தாங்கியது. இடையில் வெள்ளம் வந்து மண்சுவர்கள் கரைந்து போயிருக்கின்றன, மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். கூரை மட்டும் அசையவே இல்லை.

"கூரையை அப்படியே தூக்கிட்டுப் போயிடலாம்" என்றாள் மூலமட்டம்.

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்தபோது தங்கை முகத்தில் சிரிப்பே இல்லை என்பதைக் கவனித்தான்.

"சரி. முழுசா வந்து உக்காந்தா அதுல இருப்போம். உக்காரலைன்னா அது விறகு. அப்புறம் அழக் கூடாது."

"நான் ஏன் அழறேன்? உக்காரலைன்னா இனிமே நான் கரணையே தொடமாட்டேன்."

வாய்க்கொழுப்பு என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அன்றே சுவர் வேலை தொடங்கியது. பழைய வீட்டின் நீள அகலத்தை அளந்து, அதே அளவில், சுடாத பச்சைச் செங்கல் வைத்து மண் குழைத்துப் பூசி, நான்கு மூலையும் அச்சடித்தது போல் நேராக எழுப்பினாள். துருத்திய மூலையை வேண்டுமென்றேதான் சேர்க்காமல் விட்டுவிட்டாள். அந்தக் கோணல் இந்தத் தலைமுறையோடு ஒழியட்டும் என்று நினைத்தாள். கூரைக்குக் கண்ணா இருக்கிறது, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் உட்கார்ந்துவிடும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூரைக்கு அடியில் தற்காலிகமாக முட்டுக் கொடுத்துவிட்டுப் பழைய சுவர்களை உடைத்தார்கள். ஒவ்வொரு மூலையிலும் சுவருக்குள்ளே ஒரு மரத்தூண் புதைந்திருந்தது. மேல்நுனியில் இரண்டாகப் பிரிந்த கவட்டை, அந்தக் கவட்டையில் கூரையின் விளிம்பைச் சுற்றி ஓடும் சுற்று மரம் உட்கார்ந்திருந்தது. "சுவத்துக்குள்ள எதுக்கு இந்தக் கட்டை?" என்று கேட்டுக்கொண்டே அண்ணன் பிடுங்கி ஓரமாகப் போட்டான். அவளும் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

பக்கத்துத் தெரு தச்சர் கூரைக்கு அடியில் குறுக்கும் நெடுக்கும் மூங்கில் கட்டினார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. வழியில தரையில இறக்கிடாதீங்க. சாய்வாப் போட்ட கைமரமெல்லாம் விரிஞ்சு, முகடு ரெண்டாப் பொளந்துரும். தூக்கினா தூக்கினதுதான்."

தெருவே வந்து தோள் கொடுத்தது. கடைக்காரர், தையல்காரர், அவருடைய மாப்பிள்ளை, பேச்சுவார்த்தையே இல்லாத எதிர்வீட்டுக்காரர்கூட வந்து ஓரமாக ஒரு மூங்கிலைப் பிடித்துக்கொண்டார். தச்சர் "ஏய்...லா" என்று குரல் கொடுக்க, கூரை எழுந்தது! தூசியும் கரியும் எல்லார் தலையிலும் கொட்டியது. தெருமுனையில் திரும்பும்போது விளக்குக் கம்பத்தை உரசியது, ஆனாலும் நிற்கவில்லை. கீழே நூறு கால் முளைத்த வைக்கோல்போர் ஒன்று தானாக நடந்து போவதை மாடிகளில் நின்றவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அவளுக்கு மார்பு விம்மியது.

புதுச் சுவர்கள் மேல் கொண்டுபோய் இறக்கினார்கள். மூன்று மூலை உட்கார்ந்தது. நான்காவது மூலை சுவரைத் தாண்டி ஒரு கை நீளத்துக்கு வெளியே அந்தரத்தில் நின்றது. அவள் கட்டிய நேரான மூலையோ ஒரு கைமரத்தில் முட்டிக்கொண்டு, கூரையை இறங்கவிடாமல் முட்டுக்கட்டை போட்டது. முகட்டில் 'கிறீச்' என்று சத்தம் வந்தது. அந்த மூலைக்கு அடியில் அண்ணனும் இன்னும் சிலரும் தோளில் தாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னடி கட்டி வச்சிருக்கே?" என்று அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினான். "இது உக்காராது!"

தச்சர் சுற்று மரத்தைத் தடவிக்கொண்டே வந்தார். "மரம் வளஞ்சிருக்கு, பாத்தியா? இந்த நீளத்துக்கு நேரான மரம் கிடைச்சிருக்காது. மரத்தை நிமித்த முடியாம வீட்டை வளச்சிருக்காங்க."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ எங்க கேட்டே? வந்ததும் அந்த இரும்பைத்தானே நீட்டினே!"

அவள் அண்ணாந்து பார்த்தாள். வளைந்த மரத்தையும் காலையில் பிடுங்கிப் போட்ட கட்டைகளையும் சேர்த்து நினைத்ததும் புரிந்தது. அந்தக் காலத்தில் சுவர் கட்டிவிட்டுக் கூரை போடவில்லை. முதலில் கவட்டைத் தூண் நட்டார்கள், அதன் மேல் கூரையை ஏற்றினார்கள், வெயிலும் மழையும் படாத அந்த நிழலில் நிதானமாகச் சுவர் வைத்தார்கள். வெள்ளத்தில் சுவர் போயும் கூரை நின்றது அதனால்தான். வீடு என்பதே கூரைதான், சுவர் வெறும் மறைப்பு. அவள் தலைகீழாகக் கட்டியிருந்தாள். அவள் வெட்கப்பட்டு மறைத்த மூலைதான் இத்தனை காலம் வீட்டைத் தாங்கியிருக்கிறது!

"அந்தக் கட்டையைக் கொண்டா! கவட்டைக் கட்டை!" என்று கத்தினாள். தையல்காரரின் மாப்பிள்ளை ஓடினார். எதிர்வீட்டுக்காரர் யாரும் சொல்லாமலே கடப்பாரையை எடுத்துக் குழி பறிக்கத் தொடங்கினார்.

மூலமட்டம் சம்மட்டியைத் தூக்கினாள். தன் கையால் கட்டிய சுவரை, வாழ்க்கையிலேயே அவள் கட்டியதில் மிக நேரான மூலையை, ஓங்கி அடித்தாள். ஈரம் காயாத மண் பொத்தென்று சரிந்தது. மறுபடி அடித்தாள். உள்ளே ஏதோ வலித்தது, ஆனால் கை நிற்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் தெருவே "போடு!" என்றது.

தூணைக் குழியில் இறக்கி, கல் போட்டு இறுக்கினார்கள். "மெதுவா விடுங்க" என்றார் தச்சர். வளைந்த மரம் இறங்கி வந்து, தன் பழைய கவட்டையில் பொருந்தி, ஒரு பெருமூச்சு விட்டது போல உட்கார்ந்தது. முகட்டுச் சத்தம் அடங்கியது. மூங்கிலைப் பிடித்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள். கூரை அசையவில்லை.

பிறகு எழுந்த ஆரவாரத்தில் மரத்துக் காக்கைகளெல்லாம் பறந்தன. அண்ணன் மட்டும் இன்னும் தோளை மரத்துக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி நின்றான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. விறகு என்று சொன்னவன்தான்.

"விடுண்ணே, உக்காந்திடுச்சு."

"நிஜமாவா?" கண்ணைத் திறக்காமலே கேட்டான். "விட்டா விழுந்துடாதே?"

அவள் அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். அவன் அண்ணாந்து பார்த்தான், அவளைப் பார்த்தான், அவள் தலையில் படிந்த கரியைத் தட்டிவிட்டான். அழக் கூடாது என்று சொன்னவனுக்கே கண் நிறைந்துவிட்டது.

அதற்குள் அம்மா வாசலுக்குப் போகாமல், இடித்த மூலை வழியாகவே சேலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஏறிவிட்டாள். கூரைக்கு அடியில் நட்டநடுவில் நின்று அந்தக் கறுத்த வைக்கோலை ஒருமுறை மேலே பார்த்தாள்.

"சுவரை நாளைக்கு வச்சுக்கலாம்" என்றாள். "எல்லாரும் ஏன் வெயில்ல நிக்கிறீங்க? உள்ள வாங்க."

கூரையைச் சுமந்த தெரு மொத்தமும் தலையைக் குனிந்து அதன் நிழலுக்குள் நுழைந்தது.