லெம்பி காரின் மஞ்சள் விளக்கு

என் பெண்டாட்டி லெம்பி அந்த மஞ்சள் விளக்கின் மேல் பேண்டெய்டு ஒட்டி வைத்திருந்தாள். அவள் காரை நான் தொடுவதே இல்லை. சீட்டைப் பின்னால் தள்ளினால் ஒரு வாரம் சண்டை. அன்றைக்குத் தள்ளி உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். கோளாறு என்றால் இன்ஜின் படம் எரிகிற இடத்தில், குழந்தைகளுக்கு ஒட்டுகிற டைனோசர் பேண்டெய்டு.

"எப்பலேர்ந்து எரியுது இது?"

"கிறிஸ்துமஸ்லேர்ந்து. கண்ணை உறுத்திட்டே இருந்துச்சு, ஒட்டிட்டேன். வண்டி ஓடுதுல்ல?"

"வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"சொன்னேனோ என்னவோ, ரெய்னோ. இப்பல்லாம் எதைச் சொன்னேன், எதை விட்டேன்னு எனக்கே தெரியலையே."

வேடிக்கையாகத்தான் சொல்ல நினைத்தாள். பாதியில் குரல் இறங்கிவிட்டது. நான் குனிந்து ஸ்டியரிங்குக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி நடித்தேன்.

வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி மாத்திரை கொடுப்பது அவள் வேலை. இந்தக் குளிர்காலத்தில் ஒருநாள், பல வருடமாகப் போய்வரும் சால்மி வீட்டை விட்டுவிட்டு வேறு யார் வீட்டு வாசலிலோ காரை நிறுத்தி, இறங்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். ரொட்டி மாவில் சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கொட்டினாள். மாலையில் தலையைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்தாள். அவள் அம்மா கடைசிக் காலத்தில் இவளையே யாரென்று கேட்டவள். அந்த நோயின் பேரை நாங்கள் இருவரும் வாயால் சொல்லவில்லை. வியாழக்கிழமை கிரீன் பே நகரில் நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டும். அத்தனை தூரம் பனியில் போக வேண்டும். வண்டியோ மூச்சு வாங்குகிறது, பெட்ரோலைக் குடிக்கிறது. அவள் தலையைத் திறந்து பார்க்க எனக்கு வக்கில்லை. காரின் மூடியைத் திறக்கலாமே என்று இறங்கினேன்.

இன்ஜினின் கோளாறு எண்ணைப் படிக்கிற கருவியைச் செருகினேன். முன்பக்க ஆக்சிஜன் சென்சார், காற்று அதிகம் என்றது. எரிந்து வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று மோந்து பார்த்து இன்ஜினுக்குச் சொல்கிற சாமான் அது. எங்கள் ஊர் ஆண்கள் எல்லோருக்கும் ஒரு வியாதி உண்டு: கருவி எந்தச் சாமானின் பேரைச் சொல்கிறதோ, அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடுவது. ஏன் அப்படிச் சொல்கிறது என்று கேட்க மாட்டோம். நானும் கேட்கவில்லை.

பனி உருகச் சாலையில் கொட்டுகிற உப்புக்கு இங்கே எந்த மரைதான் பிழைக்கும்? சென்சார் துருவேறிப் புகைக் குழாயோடு குழாயாகப் பிடித்திருந்தது. எண்ணெய் அடித்து ஊறவிட்டு, இன்ஜினைக் கொஞ்சம் சூடாக்கி, காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஸ்பேனருக்குப் பின்னால் இரும்புக் குழாயைச் செருகித் தொங்கினேன். துரு கண்ணில் கொட்டியது. எனக்குத் தெரிந்த எல்லாக் கெட்ட வார்த்தையும் தீர்ந்து, அப்பா சொல்லும் பின்லாந்து வார்த்தைகளுக்கு வந்தபோது அது கிறீச்சென்று அசைந்து கொடுத்தது.

"உயிரோட இருக்கியா கிழவா?" ஷெட் வாசலில் காபியோடு நின்றிருந்தாள்.

"இருக்கேன். உன் டைனோசரைப் பிச்சு எறி. இனிமே அது எரியாது."

புதுசைப் பூட்டி, கோளாறு எண்ணை அழித்து, ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். ஏரிச் சாலையில் போய் நெடுஞ்சாலையில் நன்றாக ஓட்டித் திரும்புவது என்று திட்டம். ஊசிக் குளிர். ஹீட்டரை முழுக்கத் திருப்பினேன். லேசாகக் கருகல் நாற்றம். நான் அடித்த எண்ணெய்தான் சூட்டில் தீய்கிறது என்று விட்டுவிட்டேன். வெகுநேரம் விளக்கு எரியவில்லை. இதையாவது சரி செய்தோமே என்று எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. திரும்பி வரும் வழியில் அது மறுபடியும் பளிச்சென்று எரிந்தது. நாசமாய்ப் போக! தலை கனத்தது. நெற்றியில் யாரோ பட்டை கட்டி இறுக்குகிற மாதிரி இருந்தது. எரிச்சல்தான் என்று நினைத்தேன்.

பிறகு பார்த்தால் எதிரே சாலையே இல்லை. படகு இறக்கும் துறை. ஏரி மேல் பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிப்பவர்களின் குடிசைகள். என் வீடு எனக்குப் பின்னால், நடக்கிற தூரத்தில் எங்கேயோ இருந்தது.

இந்தச் சாலையில் பனி வாரும் லாரி ஓட்டித்தான் நான் பென்ஷன் வாங்கினேன். மூக்கு நுனி தெரியாத பனிப்புயலிலும் எந்த வளைவில் யார் வீட்டுத் தபால் பெட்டி என்று சொல்வேன். அப்படிப்பட்டவன் சொந்த வீட்டைத் தாண்டி வந்திருக்கிறேன், தாண்டியது தெரியாமலே. எனக்குமா? அவளை யார் பார்ப்பார்கள் என்றுதான் முதலில் ஓடியது.

கதவைத் திறந்து காலைக் கீழே வைத்தேன். குளிர்காற்று முகத்தில் அடித்தது. அப்போதுதான் காதில் விழுந்தது, இன்ஜின் பக்கம் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். மூடியைத் தூக்கித் தகர மறைப்பை விலக்கினேன். நான் பூட்டிய புது சென்சாருக்கு மேலே, குழாய் சேரும் இடத்தில் நகம் நுழையும் விரிசல், சுற்றிலும் கரி. அடியில் படுத்தவனுக்கு அது எப்படித் தெரியும்? அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. அதைத்தான் சென்சார் கிறிஸ்துமஸிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. அதே ஓட்டை வழியாகப் புகை வெளியே வந்து, ஹீட்டர் உறிஞ்சி, உள்ளே இருப்பவர் மூக்குக்கு அனுப்புகிறது. அவளுக்கோ முன்பு ஒரு பெரிய காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து மணமே தெரியாது. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில், கண்ணாடியை ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டு, இந்தக் காருக்குள் உட்கார்ந்துதான் தினமும் சாப்பிடுகிறாள் என் பெண்டாட்டி.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. ஒரு குடிசையிலிருந்து ஒருவன் தலையை நீட்டிப் பார்த்தான். இன்ஜினை அணைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"லெம்பி! நான் நம்ம வீட்டைத் தாண்டி வந்துட்டேன்!"

"என்னது?"

"மறந்துட்டேன்டி! சுத்தமா மறந்துட்டேன்! படகுத்துறையில நிக்கிறேன்."

"யோவ், குடிச்சிருக்கியா?"

"புகை, லெம்பி. உன் கார்ல புகை கசியுது. அது மூளையை மழுக்கிடும், மறதி வரும். ஒரு ரவுண்டு ஓட்டினதுக்கே எனக்குத் தலை வெடிக்குது. நீ மாசக்கணக்கா சுவாசிச்சிருக்கே. என் டிரக்கை எடுத்துட்டு வா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துப் பார்ப்போம். கிரீன் பேக்கும் போவோம். ஆனா லெம்பி, இதுவா இருக்கும்டி. இதுவாத்தான் இருக்கும்."

அவள் தினமும் வேலைக்குப் போகிற வழியை மெதுவாக எண்ணிப் பார்த்து, "சால்மி வீட்டுக்கு எதிர்ல சிவப்புக் கொட்டகை. அது பக்கத்துல நிஸ்கனென் வீடு. அப்புறம் சர்ச். அப்புறம் நாய் வளர்க்கிறாளே, அவ பேரு... இரு, சொல்லாதே, சொல்லாதே... ஹில்யா!" என்றாள். போன் எங்கேயோ விழுந்த சத்தம் கேட்டது.

காரின் நாலு கதவையும் அகலத் திறந்து வைத்துவிட்டு, பனியில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரக்கை எடுத்துக்கொண்டு வர வேண்டியவள், அதை மறந்தாளோ, இல்லை வேண்டாமென்றே விட்டாளோ, தொப்பிகூட இல்லாமல் என் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, சாலையின் நட்டநடுவில் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தாள்.