வித் ரிகார்ட் டு

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "வித் ரிகார்ட் டு யுவர் வைஃப்..." என்று ஆரம்பித்ததுமே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதுவரை அவர் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தார். சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்டார்.

அவனுக்குத் தெரியாத வித்தையா இது? கம்பெனியில் ஆட்களை வேலையைவிட்டு அனுப்புவது அவன் பொறுப்பு. நாளையிலிருந்து வராதே என்று தமிழில் சொன்னால் எதிரே இருப்பவன் அழுவான், இல்லையென்றால் சட்டையைப் பிடிப்பான். "ஆஸ் ஃபார் ஆஸ் யுவர் பொசிஷன் இஸ் கன்சர்ன்ட்" என்று ஆரம்பித்தால் கையைக் கட்டிக்கொண்டு கேட்பான். போகும்போது நாற்காலியைச் சத்தமில்லாமல் ஒழுங்காகத் தள்ளிவிட்டும் போவான். இப்போது அவனும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தான். ஆபரேஷன், ரத்தக்கசிவு, எவ்வளவோ முயன்றும்... எல்லாம் காதில் விழுந்தது, உள்ளே எதுவும் இறங்கவில்லை. முடிந்ததும் "தேங்க்யூ டாக்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தான்.

வெளியே பெஞ்சில் மாமியார் ஒரு நைட்டிக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். மகளை வார்டுக்குக் கொண்டுவந்ததும் மாற்றிவிட வேண்டுமாம். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் மாப்பிள்ளை புராணம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் இங்கிலீஷில் ஆரம்பித்தால் பெரிய பெரிய ஆளெல்லாம் வாயைப் பிளப்பார்களாம். அந்த இங்கிலீஷில் மாமியாருக்கு ஒரு வார்த்தை புரியாது என்பது வேறு விஷயம்.

அவனைப் பார்த்ததும் நகர்ந்து இடம்விட்டாள். அவன் உட்காரவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்பது ஒன்றுதான் தலைக்குள் சுற்றியது. எவ்வளவு தேடியும் தமிழில் ஒரு தொடக்கமும் அகப்படவில்லை. "வித் ரிகார்ட் டு..." என்று வாய் தானாகத் திறந்தது.

"தமிழ்ல சொல்லுங்க மாப்ளே," என்றாள். ஊசி நின்றுவிட்டது.

"போயிட்டா அத்தை."

அலறுவாள் என்று நினைத்தான். பக்கத்துப் பெண்தான் ஐயோ என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் நைட்டியை மடியில் போட்டு நீவினாள், சுருக்கமே இல்லாத இடத்தையும் நீவினாள்.

"கடைசியில ரொம்ப வலிச்சுதாமா அவளுக்கு? கேட்டீங்களா?"

அவன் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

திரும்பி நடந்தான். டாக்டரின் அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவர் யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். தட்டுவதற்குக் கையைத் தூக்கியவன், முதல் வார்த்தை கிடைக்கட்டும் என்று நின்றான். தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது.