காய்ச்சி வடித்த இதழ்கள்

டெஹ்ரானிலிருந்து வந்திருந்த கியானி மேடம் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு முதல் மிடறு குடித்தார். நானும் என் கண்ணாடிக் குவளையை எடுத்தேன். மூக்கில் ரோஜா அடித்தது. நாக்கில் எதுவும் இல்லை. விழுங்கிய பிறகு ஈரத்துணியின் வாசம் மட்டும் தங்கியது.

போன வருஷம் நான் கலந்து கொடுத்த ஒரே ஒரு டப்பாவைக் குடித்துவிட்டுத்தான் அவர் இந்த வருஷம் தன் கடைக்கு எண்பது டப்பா கேட்டிருந்தார். லாஹிஜான் தேயிலையும், நான் நிழலில் உலர்த்திய இதழும். டப்பாவில் என் பெயர்: சூதாபே. அம்மாவின் கண் அறுவை சிகிச்சைக்காக நான்கு நாள் காஷானில் இருந்துவிட்டு அன்று காலைதான் எங்கள் ஊரான காம்சருக்குத் திரும்பியிருந்தேன். டப்பாக்களை நிரப்பியது ஹெஷ்மத் சித்தப்பா. பன்னீர் காய்ச்சும் கொப்பரைகள் அவருடையவை.

ஒரு டப்பாவைத் திறந்தேன். மேலே ஒரு பிடி நல்ல இதழ். அதற்குக் கீழே பழுப்பு.

புரிந்துவிட்டது. கொப்பரையில் வெந்து, மணம் முழுதும் பன்னீருக்குப் போன பிறகு மிஞ்சும் சக்கை அது. ஆடுகளுக்குப் போடுவோம். அதை வெயிலில் காய வைத்து, மேலே பன்னீர் தெளித்திருக்கிறார். தேயிலை நனைந்தால் ஒரு மாதத்தில் பூஞ்சை பிடிக்கும்.

"அருமை! உங்க கை வலிக்கவே கூடாது, சூதாபே" என்று நன்றி சொன்னார் மேடம்.

"ஐயோ, உங்க தகுதிக்கு முன்னால இது ஒண்ணுமே இல்லீங்க" என்றார் சித்தப்பா.

"ஆமா, ஒண்ணுமே இல்ல. இத நீங்க வாங்காதீங்க" என்றேன்.

மேடம் சிரித்தார். "அடேயப்பா, சித்தப்பாவையே மிஞ்சுற அடக்கம்!"

"அடக்கம் இல்லீங்க. இது நல்லாயில்ல. நெஜமா."

"படிச்ச பொண்ணு எப்படிப் பேசுது பாருங்க!" அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். சித்தப்பாவும் சிரித்தார். "எங்க என்ஜினியரம்மா இப்படித்தான், தானே தன்னைக் குறைச்சுக்கும்."

என் குரல் எப்போதும் மெல்லியது. உபசாரத்துக்கு அளவெடுத்துத் தைத்த குரல். வாழ்க்கையில் முதல்முறையாக அதை வெறுத்தேன்.

வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்த சமோவார் மேலிருந்த தேநீர்க் குடுவையை எடுத்து, அதிலிருந்த இலைகளை வெள்ளைத் தட்டில் கவிழ்த்தேன். மேஜை விரிப்பெல்லாம் தெறித்தது. ஒரு இதழை இரண்டு விரலால் பிடித்தேன். கூழாக நசுங்கியது.

"நல்ல இதழ் ஊறினா விரியும். இது ஏற்கெனவே வெந்தது. எங்க ஆடு திங்கிறது."

சித்தப்பாவின் முகம் சிவந்தது. "விருந்தாளி முன்னால என்னடி இது?"

"என் இதழ் எங்க?"

"கொப்பரையில போட்டேன். பன்னீருக்கு ஆளு காத்துக்கிட்டிருக்கான். டீக்குள்ள எது கெடந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும். என் பேரு போட்டிருக்கு."

"உங்கப்பன் போனதுலேர்ந்து உனக்குச் சோறு போட்டது இந்தக் கொப்பரைதான்!"

"போட்டீங்க. அதுக்காக ஊரு மொத்தத்துக்கும் பூஞ்சை குடுக்கணுமா?"

நான் கத்துகிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மேடம் குவளையைத் தட்டில் வைத்தார். இப்போது சிரிக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "சிரமம் குடுத்துட்டேன்" என்றார். அதற்கு வழக்கமாகச் சொல்லும் பதிலை எங்களில் யாரும் சொல்லவில்லை.

கார் கிளம்பும் சத்தம் கேட்டது. சித்தப்பா வாசலைப் பார்த்தபடி நின்றார். "ஊமைக்கோட்டான். ஒரு வருஷத்தையே நாசம் பண்ணிட்டே."

தரையில் உட்கார்ந்தேன். முதல் டப்பாவை மடியில் வைத்து, ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டினேன். பசை கெட்டியாக இருந்தது. 'சூதா' வந்துவிட்டது, 'பே' வரவில்லை. இன்னும் அழுத்திச் சுரண்டினேன். எழுபத்தொன்பது மிச்சம்.