சிவப்பாக நின்ற சோதனை

மருத்துவமனை மென்பொருளோடு சேர்த்துப் பூட்டுகிற சின்ன நீட்சிப் பொதி அது. குழந்தையின் எடையைக் கொடுத்தால், மருந்து எந்த வேகத்தில் இறங்க வேண்டும் என்று சொல்லும். எழுதியவள் தங்கை. அக்கா அதே மருத்துவமனையில் குழந்தைகள் வார்டு நர்ஸ்.

லினக்ஸில் பொதி கட்டி முடிந்து, சோதனையெல்லாம் தேறியதற்குப் பச்சை விழுந்தது. மேக்கிலும் பச்சை. விண்டோஸில் மட்டும் ஒரு சோதனை சிவப்பாகவே நின்றது. தங்கை காலையிலிருந்து அதோடு மல்லுக்கட்டினாள். குழுத் தலைவர் எட்டிப் பார்த்து, இன்னுமா பிரசவம் ஆகலை என்று கேட்டுவிட்டுப் போனார். விண்டோஸ் என்றால் அந்தச் சோதனையைத் தாண்டிப் போ என்று ஒரு வரி சேர்த்தாள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. மூன்றும் பச்சை. பொதி வெளியே போனது.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. கணக்குக்கு அவள் எடுத்துக்கொண்ட எண் வகைக்கு விண்டோஸ் ஒதுக்குகிற இடம் மற்ற இரண்டில் பாதிதான். எடை கூடினால் பெருக்கி வரும் எண் அந்த இடத்தில் கொள்ளாமல் வழிந்து, சின்ன எண்ணாக வந்து உட்காரும். தப்பு என்று கத்தாது. பார்க்க நல்ல பிள்ளை போல இருக்கும். வார்டுக் கணினி விண்டோஸ்.

உடனே அக்காவுக்குப் போன் போட்டாள். அக்கா எடுத்ததும், புதுசு வந்துடுச்சுடி, நல்ல வேகம் என்று பாராட்ட ஆரம்பித்தாள்.

"அக்கா, அதை வெச்சு யாருக்காவது மருந்து போட்டியா?"

"வலிப்பு வந்த பையனுக்கு. அந்தக் குண்டுப் பயலுக்கு. ஏன்?"

"அந்தக் கணக்கை நம்பாத. தப்பா இருக்கலாம்."

"இருக்கலாம்னா? சோதிக்காமயா அனுப்பினே?"

"சோதிச்சேன். தேறலை. நான்தான் தாண்ட விட்டேன்."

போனை மேசையில் போட்ட சத்தம். செருப்பு ஓடியது. டாக்டரைக் கூப்பிடும் குரல், பிறகு ஏதோ ஒரு கருவியின் கீச்சொலி, விடாமல். தங்கையின் கையில் பிசைந்த சோறு காய்ந்துபோயிற்று.

அக்கா திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது.

"கால்வாசி மருந்துகூட இறங்கலை. டாக்டர் கையால கணக்குப் போட்டு மாத்திட்டார்."

"பையன்?"

"இதுவரைக்கும் மறுபடி வலிப்பு வரலை. இனிமே என்னன்னு சொல்ல முடியாதாம். ஏய், இது வேற எங்கெல்லாம் போயிருக்கு?"

தங்கை கையைக்கூடக் கழுவாமல் எழுந்து குழுத் தலைவரின் அறைக்குப் போனாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. எத்தனை மருத்துவமனை இதற்குள் ஏற்றியிருக்கும் என்று மட்டும் கேட்டார்.

"தெரியலை சார்."

அவர் முகம் வெளுத்தது. பொதியைத் திரும்ப எடுக்கச் சொல்லிவிட்டு, பட்டியலில் இருந்த முதல் மருத்துவமனையின் எண்ணை அழுத்தினார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.