காம்பெரினி, இரண்டு பேர்

பேருந்து பதுவாவை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே வம்பு ஆரம்பித்துவிட்டது. வழிகாட்டி ஃபோஸ்கா பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வந்தவள், "காம்பெரினி, ரெண்டு பேர்" என்றாள்.

"ஒருத்திதான்" என்றாள் நெரினா.

"ரெண்டுன்னு போட்டிருக்கேம்மா. இன்னொருத்தர் யாரு?"

அதைத் தெரிந்துகொள்ளத்தானே இந்த அறுபத்தாறு வயதில் முழங்கால் வலியோடு கியோஜ்ஜாவிலிருந்து கிளம்பி வந்திருக்கிறாள்! முப்பது பேர் காதில் விழ இதைச் சொல்ல முடியுமா? "பதிவு செஞ்சவர் போய்ச் சேர்ந்துட்டார்" என்று மட்டும் சொல்லி முன் இருக்கையில் உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியாகவே வந்தது.

விஷயம் இதுதான். புருஷன் அட்டிலியோ இறந்து இரண்டு மாதம் கழித்து, அவருடைய கம்பளிக் கோட்டை மாதா கோயிலுக்குக் கொடுக்கலாம் என்று உதறினாள். உள்பையிலிருந்து ஒரு ரசீது விழுந்தது. 'டாரட் சீட்டின் கதையும் பழைய ஓவியங்களும். ஃபெராரா, பொலோன்யா. இரண்டு பேருக்கு.' ஓவியம் என்றால் படகுக்கு அடிக்கிற வர்ணம் என்று நினைத்திருந்த மனுஷர் அவர். ரயில் நிலையத்தில் சாமான் எடை போட்டே காலத்தை ஓட்டியவர். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தங்கை ஆல்பா ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சொல்லாம கொள்ளாம ஆம்பளைங்க பதிவு பண்ற ரெண்டு இடத்துல ஒண்ணு பொண்டாட்டிக்கா இருந்து நான் பார்த்ததே இல்லடி" என்று கொளுத்திப்போட்டுவிட்டுப் போனாள். அன்று போன தூக்கம்தான்.

அதிலும் சீட்டு! நெரினாவின் அப்பா ஒரே சனிக்கிழமையில் சீட்டாடிப் படகைத் தோற்றவர். கல்யாணத்துக்கு முன்பே அவள் கறாராகச் சொல்லிவிட்டாள், என் வீட்டுக்குள் சீட்டுக்கட்டு வரக்கூடாது. பொலோன்யாக்காரரான அட்டிலியோ அன்று சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நாற்பத்தோரு வருஷமும் அந்த வாக்கைக் காப்பாற்றினார். கெட்ட பழக்கம் என்று பார்த்தால் சாப்பாட்டு மேஜையில் செய்யும் சேட்டைதான். ரொட்டியை வைக்கும்போதே முஷ்டியால் தொம்மென்று ஒரு குத்து. உப்புக் கிண்ணத்தை எடுத்துக் கொடுக்காமல் மேஜையில் உரசித் தள்ளுவார். கேட்டால் பதில் சொல்லாமல் அவள் முகத்தையே பார்ப்பார். "சூப்பு கொட்டுது, பேசாம தின்னுங்க" என்று அவள் கத்தாத நாள் கிடையாது.

ஃபெராரா மாளிகைக் கூடத்தில் எல்லாரும் சுவர்ச் சித்திரங்களை அண்ணாந்து பார்க்க, நெரினா மட்டும் தன்னோடு வந்த பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். சுவரில், கிழிந்த வெள்ளைத் துணி உடுத்தி இடுப்புக் கயிற்றைக் கையில் பிடித்தபடி ஒருவன் முறைத்துக்கொண்டிருந்தான். அவன் பஞ்சாங்கத்தில் பத்து நாளுக்கு அதிபதியாம். ஏன் கயிறு, ஏன் கிழிசல் என்று யாரோ கேட்டார்கள். "ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, நிச்சயமா யாருக்கும் தெரியாதுங்க" என்றாள் ஃபோஸ்கா. சரிதான், ஐந்நூறு வருஷமாகப் படித்தவர்களுக்கே புரியவில்லை என்றால் தனக்கு எங்கே புரியப்போகிறது என்று நெரினா நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் கழுத்தில் பட்டுத்துண்டு கட்டிய ஒருத்தி தனியாக ஓரத்தில் நின்று கண்ணைத் துடைப்பது தெரிந்தது. இவளாக இருக்குமோ? மதியம் பூசணிக்காய்ப் பூரணம் வைத்த பாஸ்தா வந்தபோது வேண்டுமென்றே அவள் எதிரில் போய் உட்கார்ந்தாள். பெயர் மிரெல்லாவாம்.

"கியோஜ்ஜால உங்களுக்கு யாரையாவது தெரியுமா?"

"ஒரு பல் டாக்டரைத் தெரியும். கடங்காரன், நல்ல பல்லைப் பிடுங்கிட்டான். ஏன்?"

"காலைல அழுதீங்களே."

"அழுதேனா? கண்ணுல புரை எடுத்து மூணு வாரம்தான் ஆகுது, எதைப் பார்த்தாலும் தண்ணியா கொட்டுது. அந்தக் குதிரை வரைஞ்சிருந்த அழகுக்கு யாருங்க அழுவா."

நெரினாவுக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. இவள் இல்லை என்றால் வேறு எவளோ. அந்த எவளோ வராமலே இருந்துவிட்டால், பதில் தெரியாமலே தானும் செத்துப்போக வேண்டியதுதான்.

சாயங்காலம் பொலோன்யாவில் ஒரு சீட்டாட்டச் சங்கத்துக்கு ஃபோஸ்கா கூட்டிப்போனாள். நாலு கிழவர்கள் டாரட் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். எதிரெதிரே உட்கார்ந்த இரண்டிரண்டு பேர் ஒரு கட்சி. மரணச் சீட்டு விழுந்ததும் கூட்டத்தில் ஒருவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். ஜெர்மானோ என்ற கிழவர் நிமிர்ந்து, "பயப்படாதீங்க, இதுக்கு இங்க புள்ளியே கிடையாது" என்றார்.

"ஜோசியமெல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கிட்டது" என்றாள் ஃபோஸ்கா. "இவங்களுக்கு இது வெறும் ஆட்டம்."

நெரினா முதுகைக் காட்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சீட்டைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொம்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே குத்து, அதே கனம். திரும்பிப் பார்த்தால், ஜெர்மானோ முஷ்டியை மேஜையிலிருந்து எடுக்காமல் எதிரில் இருந்தவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையும் அவளுக்குத் தெரிந்த பார்வைதான். எழுந்து மேஜைக்கே வந்துவிட்டாள்.

"இப்ப எதுக்குக் குத்தினீங்க?"

"ஆட்டத்துல பேசக்கூடாதும்மா. அதனால சைகை. குத்தினா, உன்கிட்ட பெருசு இருந்தா போடுன்னு அர்த்தம். உரசித் தள்ளினா, அடுத்து துருப்பு இறக்குன்னு."

"யார்கிட்ட சொல்றது?"

"நாலு பேரும் பார்க்கலாம். ஆனா சொல்றது கூட்டாளிக்கு மட்டும்தான். வேற யாருக்குச் சொல்லுவோம்?"

நெரினா பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்தோரு வருஷம், தினம் இரண்டு வேளை. சீட்டைத் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்த மனுஷர் ரொட்டியையும் உப்பையும் வைத்து அவளோடு ஆடிக்கொண்டிருந்திருக்கிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சீட்டையாவது அவளோடு சேர்ந்து நின்று பார்க்கலாம் என்றுதான் ரசீது வாங்கியிருக்கிறார். திட்டுவாளோ என்று பயந்து கோட்டுக்குள் ஒளித்திருக்கிறார். எந்தச் சிறுக்கியும் இல்லை. அந்தக் காலி இருக்கை அவருடையது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷம் தாங்கவில்லை. ஆல்பாவின் முகத்தில் போய்க் கரியைப் பூச வேண்டும்.

"என்கிட்ட பெருசு எதுவும் இல்லைங்க, சூப்புதான் இருந்துச்சு" என்றாள். கிழவருக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். இரண்டு சுற்று கழித்து ஒரு சீட்டை மேஜையில் வைக்காமல் லேசாகத் தூக்கிப் போட்டார். அது காற்றில் ஒருமுறை புரண்டு விழுந்தது.

நெரினாவின் சிரிப்பு நின்றது.

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"இதுவா? இந்த இனத்துல இதுதான் கடைசி, இனிமே என்கிட்ட இல்லைன்னு சொல்றது."

அந்தக் கடைசி நாள் ஆஸ்பத்திரியில் அவர் வாயில் குழாய் மாட்டியிருந்தார்கள், பேச முடியாது. அட்டிலியோ மாத்திரை சுற்றிவந்த காகிதம் ஒன்றை விரலால் தடவித் தடவி எடுத்து, அவளைப் பார்த்துக்கொண்டே தூக்கிப் போட்டார். "குப்பை போடாதீங்க, நர்ஸ் என்னைத்தான் திட்டுவா" என்று சொல்லி, குனிந்து அதை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு, அவள் காபி குடிக்கக் கீழே போனாள்.