தனியாக வாசிக்கும் இடம்

மகள் கிருபா மேல் பெஞ்சமினுக்குக் குறை ஒன்றும் கிடையாது. அவள் பார்க்கிற வேலை மேல்தான் குறை.

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் முப்பது வருசம் கமிஷன் கடை நடத்தின மனுசர். மேலே நல்ல காயைப் பரப்பி அடியில் அழுகலை வைத்துக் கட்டின மூட்டைகளை எத்தனையோ பார்த்தவர். கடையை விட்டுவிட்டுத் தென்காசியில் மகளோடு வந்து இருந்த பிறகும் யாரையும் நம்புகிற புத்தி அவருக்கு வரவில்லை.

மகள் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறாள். பதினாறு வயதில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவள், இப்போது முப்பத்திரண்டு. கீர்த்தனையின் கடைசி வரியைச் சபை இழு இழு என்று இழுக்கும். அத்தனை பேரும் வந்து சேருகிற வரைக்கும் அவள் கட்டையை அமுக்கிக்கொண்டு காத்திருப்பாள். மூன்றாவது பெஞ்சில் இருக்கிற பெஞ்சமினுக்கு வயிறு எரியும். ஓடத் தெரிந்தவள் எதற்காக நடக்கிறவர்களுக்கு நிற்க வேண்டும்?

மற்ற நாளெல்லாம் பியானோ. பாடுகிறவர்களுக்குத் துணையாக வாசிப்பது. செங்கோட்டை, வாசுதேவநல்லூர் என்று போய்ப் பரீட்சைக்குப் பாடுகிற பிள்ளைகளுக்கு வாசித்துக் கொடுப்பாள். கச்சேரி நோட்டீசில் பாடுகிறவர் பேர் கொட்டை எழுத்தில் இருக்கும். இவள் பேர் இருக்காது. கேட்டால் இந்த வேலையே அதுதான் என்பாள். அது என்ன வேலையோ, அவருக்கு விளங்கவில்லை.

போன சாரல் சீசனில்தான் அந்தச் சங்கதி நடந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்து இசைக் கல்லூரி ஒன்று, ஆள் எடுக்கக் குற்றாலத்துக்கு வந்திருந்தது. இலஞ்சி ஜெகதீஸ்வரன் மகள் உமாதேவி, கிருபாவின் கூட்டாளி, அங்கே பாட்டுப் படிக்க மனுப் போட்டிருந்தாள். அதே கல்லூரிக்குப் பாடுகிற பிள்ளைகளுக்கு வாசிக்க நிரந்தரமாக ஓர் ஆளும் தேவைப்பட்டது. கிருபா அதற்கு எழுதிப் போட்டாள். உமாவுக்கு நீயே வாசி, அதிலேயே உன் வாசிப்பையும் பார்த்துவிடுகிறோம் என்று பதில் வந்தது. பதினாறு வருசத்தில் மகள் தனக்கென்று ஆசைப்பட்டது இது ஒன்றுதான். பெஞ்சமினுக்குத் தெரியும்.

ஒரு மாதம் இரண்டு பேரும் வீட்டு முன்னறையில் ஒரே பாட்டைப் போட்டு அடித்தார்கள். அடுத்த அறையில் இருந்த பெஞ்சமினுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. பாட்டு நடுவில் உமா நிறுத்துவாள். அப்போது பியானோ மட்டும் மாடிப்படி இறங்குகிற மாதிரி தனியாக இறங்கி வரும். பிறகுதான் உமா மறுபடி சேருவாள். அந்தத் துண்டு ஒன்றுதான் கிருபாவுக்கு என்று இருந்தது. அது வரும்போது பெஞ்சமின் பேப்பரை மடியில் போட்டுவிடுவார்.

ஐந்தருவி ரோட்டில் ஒரு பழைய பங்களா ஹாலில் தேர்வு. ஈரக்காற்றில் பியானோக் கட்டை இரண்டு ஒட்டிக்கொண்டு எழும்ப மாட்டேன் என்றது. கிருபா துண்டால் துடைத்துத் துடைத்துச் சரிபண்ணினாள். கல்லூரியிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். நடுவில் இருந்தது நரைத்த அம்மா ஒருத்தி. பெஞ்சமின் பின்வரிசையில் உட்கார்ந்தார்.

உமா நன்றாகத்தான் பாடினாள். நடு இடம் நெருங்கியது. பெஞ்சமின் காதைத் தீட்டிக்கொண்டார். ஆனால் உமா நிறுத்தவில்லை. மூச்சை இழுத்து நேரே கடைசிப் பகுதிக்குப் போய்விட்டாள். பியானோவும் தடங்கல் இல்லாமல் கூடவே போய்விட்டது. பாட்டு முடிந்தது, மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள்.

பெஞ்சமினுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மகளுக்கு இருந்ததே அந்த ஓர் இடம், அதையும் உமா திட்டம் போட்டு முழுங்கிவிட்டாள் என்று நினைத்தார். எழுந்து நின்றார்.

"அந்த எடம் எங்க? என் மவ தனியா வாசிக்கது? அத விட்டுட்டுப் பாடுதாளே, இது என்ன நியாயம்?"

நரைத்த அம்மா கிருபாவிடமிருந்து பாட்டின் நோட்டுத்தாளை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். இருவரும் ஒரு பக்கத்தை முழுசாகத் தாண்டிப்போயிருந்தார்கள். கிருபாவை நிமிர்ந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு உமாவிடம் முதலிலிருந்து பாடச் சொன்னாள். உமா தடுமாறினாள். இரண்டு வரிக்கு மேல் வரவில்லை.

கேட்டுக்கு வெளியே வந்த பிறகுதான் கிருபா வாயைத் திறந்தாள்.

"அவ வரிய மறந்து தாவிட்டா. நானும் கூடவே தாவினேன். நீங்க எந்திக்கித வரைக்கும் அங்கன ஒருத்தருக்கும் தெரியலப்பா."

"உன் எடம் போச்சேட்டி."

"அவ எங்க போறாளோ அதுதான் என் எடம்."



மூன்றாம் நாள் அந்த அம்மாவே போன் பண்ணினாள். ஒரு பக்கத்தைத் தாண்டியும் எங்களுக்கே தெரியாமல் வாசித்தாயே, இப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும் என்றாளாம். உமாவுக்கு இடம் இல்லை. சாயங்காலத்துக்குள் கிருபா பதில் சொல்ல வேண்டும்.

கிருபா சரி என்று சொல்லவில்லை. ஸ்கூட்டரை எடுத்து இலஞ்சிக்குப் புறப்பட்டாள். பெஞ்சமின் கூப்பிடாமலே பின்னால் ஏறிக்கொண்டார். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறோமா, மகள் அந்த வேலையை உதறிவிடாமல் தடுக்கப் போகிறோமா என்று அவருக்கே நிச்சயமில்லை. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் உமாவுக்குக் கிடைத்திருக்கும். திறந்ததால்தான் மகளுக்குக் கிடைத்தது. இதில் எது தப்பு?

ஜெகதீஸ்வரன் வாசலில் நின்றார். வழக்கமாக வாங்க அண்ணாச்சி என்பவர், அன்றைக்கு நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டார். உமா உள்ளேயிருந்து வந்தாள். கண் வீங்கியிருந்தாலும் சிரித்தாள்.

"மாமா, ஒரு பக்கத்த நான் விட்டேன். நீங்க விடமாட்டேன்னு பிடிச்சிட்டீங்க."

பெஞ்சமின் தலையைக் குனிந்துகொண்டார். கிருபா, தான் அந்த வேலைக்குப் போகவில்லை என்று முணுமுணுத்தாள். உமா அவள் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள்.

"ஏட்டி, அடுத்த வருசமும் நான் பாடத்தான் போறேன். அப்ப அங்கன எனக்கு ஆரு வாசிப்பா? முதல்ல நீ போய் உக்காரு."

அவளே நம்பரைப் போட்டுக் கிருபாவின் காதில் வைத்தாள். கிருபா அழுதுகொண்டே வாறேன் மேடம் என்றாள். கிடைத்தவள் அழுகிறாள், கிடைக்காதவள் அவள் கண்ணைத் துடைத்துவிடுகிறாள். பெஞ்சமின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெறகென்ன அண்ணாச்சி, ஒங்க மவளுக்குக் கெடச்சாச்சு. சந்தோசம்தானே?" என்றார் ஜெகதீஸ்வரன்.

குத்திக் கேட்கிறாரா, நிசமாகவே கேட்கிறாரா என்று அவர் முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. பதிலுக்குப் பெஞ்சமின் தனக்குப் போட்ட நாற்காலியை விட்டு எழுந்து உமாவை அதில் உட்காரவைத்தார்.