மூன்று முடி வைத்த முகம்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை நான் யோசித்ததல்ல. மழலையர் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் தங்கை, துணி மடித்துக்கொண்டே சொன்னது. அவளைக் கேட்காமலே எழுத உட்கார்ந்துவிட்டேன். கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டாள்.

'அந்த வகுப்பறைச் சுவரில் வண்ணத்துப்பூச்சிகள் சிறகடித்தபடி...'

(வேண்டாம். காகிதப் பூச்சி எங்கே சிறகடிக்கும்?)

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நிர்வாகம் ஒரு படிவம் அனுப்பியது. 'உங்கள் பணியிடச் சூழல் எப்படி?' பத்துக் கேள்விகள், ஒன்றிலிருந்து ஐந்து வரை கட்டங்கள்; ஒன்று என்றால் மோசம், ஐந்து என்றால் பிரமாதம். தலைமையாசிரியை உட்பட எல்லோரும் டிக் போட வேண்டும். பெயர் எழுத வேண்டாம்.

ஏழாவது கேள்வி: 'உங்கள் குறைகள் காதுகொடுத்துக் கேட்கப்படுகின்றனவா?' ஒன்றாம் எண் கட்டத்தில் என் தங்கை டிக் போடவில்லை. பிள்ளைகளின் நோட்டில் போட்டுப் போட்டுப் பழகிய கை, தன்னையறியாமல் ஒரு முகத்தை வரைந்துவிட்டது. அழுமூஞ்சி. தலையில் மூன்று முடி. அந்தப் பள்ளியில் முகத்துக்கு மூன்று முடி வைப்பவள் அவள் ஒருத்திதான். பெயர் எழுதாத லட்சணம் இது.

2

குறை என்ன? பதினெட்டுக் குழந்தைகள், அவள் ஒருத்தி. எட்டரையிலிருந்து பன்னிரண்டரை வரை பாத்ரூம் போக முடியாது. மாற்றிவிட ஆளில்லை. தலைமையாசிரியையிடம் மூன்று முறை சொன்னாள், மூன்று முறையும் "பாக்கலாம்மா." காலையில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள்.*

* இந்த வரியை எழுதியதும் எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். கோபம் அடங்கவில்லை.

3

ஆகவே தலைமையாசிரியையை வில்லியாக்கினேன். 'மேசையை ஓங்கித் தட்டிய அவர், யாரடி இதை...'

தங்கை தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டாள்.

"அக்கா, அவங்க கத்தவே மாட்டாங்க."

"நீ என்ன, அவங்களுக்கு வக்காலத்தா?"

"நாங்க எல்லாரும் சந்தோஷமா இருக்கோம்னு அவங்க நெஜமாவே நம்புறாங்கக்கா. அதை எழுது பாப்போம்."

மேசை தட்டிய வரியை அடித்துவிட்டேன்.

4

நடந்தது இதுதான். படிவத்தைக் கொடுத்த மறுநாள் காலை தலைமையாசிரியை வகுப்புக்கே வந்தார். குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயைத் தொட, உட்கார்ந்தார். கையில் நிர்வாகத்துக்குப் போகும் உறை.

"ஏழாவதுக்கு நான் அஞ்சு போட்டிருக்கேன்மா. நீ ஒண்ணு. படிச்சா நாம ரெண்டு பேரும் வேற வேற ஸ்கூல்ல வேலை பாக்கற மாதிரி இருக்கு."

உறையிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை உருவினார்.

"அடுத்த மாசம் உன் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கணும். மேனேஜ்மென்ட்ல இதைப் பாத்தா... இந்தா, புது ஃபாரம். மாத்திப் போட்டுக் குடு."

கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. அதுதான் சிக்கலே.

"இல்ல மேடம். அது இருக்கட்டும். நான்தான் போட்டேன்."

கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நிற்பவள் இவள்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. கதையின் நடுவில் ஆசிரியர் இப்படித் தலைகாட்டக் கூடாதாம். காட்டுவேன். என் தங்கை.

பிறகு, அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தையைத் தூக்கி மேடத்தின் மடியில் உட்கார வைத்தாள்.

"அஞ்சு நிமிஷம் பாத்துக்குங்க மேடம். பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

போயே விட்டாள்.

5

முடிவு அ: தலைமையாசிரியை புதுப் படிவத்தைத் தானே நிரப்பி உறையில் வைத்தார்.

முடிவு ஆ: தன்னுடைய ஐந்தை அடித்துவிட்டு... (நான் ஆசைப்படுவது இது. அதனாலேயே இதை நம்ப முடியவில்லை.)

உறை அன்றே போய்விட்டது. உள்ளே எது இருந்தது என்று தங்கைக்கும் தெரியாது. கான்ட்ராக்ட் இன்னும் வரவில்லை.

ஆகவே முடிவை நீங்களே எழுதுங்கள். ஒரே நிபந்தனை: அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுத வேண்டும், மடியில் ஒன்று அழ, முதுகில் ஒன்று ஏற, மிச்சம் பதினாறும் உங்களையே பார்க்க. மாற்றிவிட ஆள் வரும்வரை எழுந்திருக்கக் கூடாது.